பொறு என்று மட்டுமே சொன்ன புத்தகம்

மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துப் பாசிர் கூடாங்கில் புஷ்பவள்ளி என்று ஒருத்தி இருக்கிறாள். இரசாயனத் தொழிற்சாலை ஒன்றின் கட்டுப்பாட்டு அறையில் ஷிப்ட் வேலை. சுவர் முழுக்கத் திரைகள். எந்தக் குழாயில் என்ன ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், எங்காவது கசிந்தால் அடைக்க வேண்டும். வருஷக்கணக்காக இதே வேலை என்பதால் கசிவைக் கண்டால் அவள் கை தானாக நீளும். கோயில் அன்னதானத்தில் சாம்பார் வாளி சொட்டினாலும் முதலில் எழுந்திருப்பவள் அவள்தான். அவள் குரலுக்குப் பயந்து வால்வுகள் தாமாகவே மூடிக்கொள்கின்றன என்று தொழிற்சாலையில் ஒரு பேச்சு உண்டு. வால்வுகளை நான் பார்த்ததில்லை. குரலை டெலிபோனில் கேட்டிருக்கிறேன். நம்பலாம்.

ஓய்வு நாளில் அவளுக்கு இன்னொரு வேலை. அச்சில் இல்லாமல் போன பக்தி நூல்களைத் தேடிப் பிடிப்பது, பக்கம் பக்கமாகப் படமெடுப்பது, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கும்படி இணைய நூலகத்தில் ஏற்றுவது. அவள் அனுப்பும் படங்களில் பக்கம் ஏதும் விட்டுப்போயிருக்கிறதா, எதுவும் தலைகீழாக வந்திருக்கிறதா என்று ஸ்கூடாயில் உட்கார்ந்தபடி பார்ப்பது என் வேலை. அதனால் இந்தக் கதை எனக்குத் தெரியும். தெரியாத இடத்தில் கொஞ்சம் நானே தாளித்துக் கொட்டியிருக்கிறேன். எந்த இடம் என்று சொல்லமாட்டேன்.

இந்த வேலைக்கு அவள் வந்ததே ஒரு வெள்ளத்தால். கோத்தா திங்கியில் வெள்ளம் வந்தபோது கோயில் ஸ்டோரில் இருந்த புத்தகங்கள் எல்லாம் ஊறிப்போய்விட்டன. நிர்வாகத்தார் குப்பையில் அள்ளிப் போட இருந்தார்கள். புஷ்பவள்ளியின் கணவர் காளிதாஸ் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். அவள் அந்தப் புத்தகங்களைப் பஸ்ஸில் ஏற்றி, ஏர்கோனை முழுசாகத் திறந்துவிட்டு, ஷிப்ட்டுக்குப் போகும் ஆட்கள் ஒவ்வொருவர் மடியிலும் ஒன்றை விரித்து வைத்தாள். மலாய்க்காரர், சீனர், நேப்பாளி, வங்காளி எல்லாரும் ஆளுக்கொரு பதிகத்தைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போனார்கள். வழியில் நிறுத்திய போலீஸ்காரர், இது யாத்திரை பஸ் என்று நினைத்து சல்யூட் அடித்து அனுப்பினாராம். சல்யூட் வரைக்கும் காளிதாஸ் சொன்னது. போலீஸ்காரர் பூட்ஸைக் கழற்றிவிட்டு அடித்தார் என்பது நான் சேர்த்தது.

அப்புறம் அவள் நிற்கவேயில்லை. காளிதாஸ் பழைய அலுமினிய ஜன்னல் சட்டத்தை வெட்டி ஒரு தொட்டில் செய்து கொடுத்தார். புத்தகத்தைப் பாதி மட்டும் திறந்து அதில் படுக்க வைத்து, மேலே கண்ணாடியை மெதுவாக அமர்த்தி, இரண்டு பக்கமும் இரண்டு கேமராவால் எடுக்கலாம். புத்தகத்தின் முதுகு நோகாது. அந்தத் தொட்டில் எப்போதும் அவள் விவா காரின் பின்பக்கத்தில் கிடக்கும்.

போன வருஷம் மூவாரில் ஒரு கோயில் பெட்டியிலிருந்து அவளுக்குப் பாதிப் புத்தகம் ஒன்று கிடைத்தது. ‘பாகாட் வேலவர் அடைக்கல மாலை.’ ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால் இந்த ஜொகூரிலேயே அச்சானது. நூற்றெட்டுப் பாட்டு. எழுதியவர் பெயர் கிடையாது. ‘ஓர் அடியவர்’ என்று மட்டும் போட்டிருந்தது. மூவார்ப் பிரதியில் முப்பதாவது பாட்டோடு தாள் தீர்ந்துவிட்டது. மிச்சத்தைக் கறையான் படித்துவிட்டது.

புஷ்பவள்ளிக்கு முழுப் புத்தகம் வேண்டும். பாதியை ஏற்றிவிட்டு, ‘மீதி கிடைக்கவில்லை’ என்று குறிப்புப் போடுவதைவிடக் கேவலம் அவளுக்கு வேறு இல்லை. சிகாமட், குளுவாங், மெர்சிங் என்று எல்லாக் கோயில்களுக்கும் போன் போட்டாள். கடைசியில் பத்து பாகாட்டில் ஒரு யாழ்ப்பாணத்தார் வீட்டு சாமி அறையில் முழுப் பிரதி ஒன்று இருப்பதாகத் தெரிந்தது. தெரிந்தவரை அது ஒன்றுதான் மிச்சம்.

அந்த வீட்டில் இரண்டே பேர். அக்கா அன்னபாக்கியம், தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தம்பி விசுவலிங்கம், பொதுப்பணி இலாகாவில் பாலம் கட்டியவர். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஆகாமல் போனதற்குப் புத்தகம்தான் காரணம் என்று ஊரில் சொல்வார்கள்.

புஷ்பவள்ளி ஒரு சனிக்கிழமை காலையில் போய் இறங்கினாள். அன்னபாக்கியம் டீச்சர் கேட்டைத் திறந்தார்.

“வாரும் பிள்ளை. போனிலை கேட்ட குரலுக்கு ஆள் இன்னும் கொஞ்சம் உயரமா இருக்கும் எண்டு நினைச்சன்.”

“குரல்லயே எல்லாம் போயிருச்சு டீச்சர்.”

விசுவலிங்கம் வெள்ளை வேட்டியில் வந்து நின்றார். நெற்றி நிறையத் திருநீறு. வந்த விஷயத்தையும் கண்ணாடி வைத்துப் படமெடுக்கும் விதத்தையும் கேட்டதும், “படம் எடுக்கிறதெண்டால் நாங்கள் தீர்மானிக்கேலாது. புத்தகத்தைத்தான் கேக்கோணும்” என்றார்.

அந்த வீட்டு வழக்கம் அது. எதையும் முடிவு செய்வதற்கு முன்னால் குளித்து, விளக்கேற்றி, கண்ணை மூடிக் கேள்வியைச் சொல்லி, மூடிய புத்தகத்துக்குள் மஞ்சள் கயிறு சாத்துவார்கள். கயிறு எந்தப் பக்கத்தில் விழுகிறதோ அந்தப் பாட்டுத்தான் வேலவர் பதில். அவர்களுடைய அப்பா காலத்திலிருந்து இப்படித்தான்.

“சீனர் சூப்புக்கு வாங்கிற குருவிக்கூட்டுக்காக நான் பறவைக்கூட்டு வீடு கட்ட நினைச்சன்,” என்றார் விசுவலிங்கம். “கேட்டன். ‘பொறு’ எண்டது. பொறுத்தன். கட்டின கூட்டாளி மூண்டு பேரும் கவிழ்ந்தாங்கள். பிறகு தீக்கோழிப் பண்ணை. கேட்டன். ‘பொறு.’ பண்ணை வைச்சவன் தீக்கோழி உதைச்சு ஆஸ்பத்திரியிலை கிடந்தான். ஒருக்கால் கோயில் தலைவர் தேர்தலுக்கு நிக்கப் பாத்தன்…”

“பொறுன்னுச்சா?”

“உமக்கெப்படித் தெரியும்?”

டீச்சர் ஜன்னலுக்கு வெளியே ரம்புத்தான் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்கேற்றினார்கள். விசுவலிங்கம் கண்ணை மூடி, “வேலவா, இந்தப் பிள்ளை உன் பாட்டையெல்லாம் படமெடுத்து உலகத்துக்குக் காட்டலாமோ?” என்று கேட்டுக் கயிறு சாத்தினார். புத்தகம் வாயைப் பிளந்தாற்போல் ஒரே இடத்தில் திறந்தது. முப்பத்தேழாம் பாட்டு.

*பொறுநெஞ்சே பொறுநெஞ்சே புறப்பட வேண்டாம்*
*வருவான் வடிவேலன் வரும்வேளை வரட்டும்.*

“பொறு,” என்றார் விசுவலிங்கம், தீர்ப்புச் சொல்லும் நீதிபதியைப் போல.

“எவ்வளவு நாள் பொறுக்கணும் அங்கிள்?”

“அதிகம் இல்லை. ஆடி அமாவாசைக்கு இதை மின்யாக் பெக்குக் கடலிலை விடப்போறன்.”

“ஏன் அங்கிள்?” என்றாள் புஷ்பவள்ளி. அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. தாள் பொடிந்து உதிர்கிறது. மூளியான விக்கிரகத்தை வீட்டில் வைத்துப் பூசிப்பதில்லை, தண்ணீரில் விடுகிறோம். சிதைந்த சாமி புத்தகத்துக்கும் அதே மரியாதைதான். குப்பையில் போடுகிற உலகத்தில் கடலில் விடுகிறவரை எப்படிக் குறை சொல்வது?

ஆனால் அவள் கண் வேறொன்றைப் பார்த்துவிட்டது. தினமும் பழைய புத்தகங்களோடு குடித்தனம் பண்ணுகிறவள் அல்லவா? அந்தப் புத்தகத்தின் முதுகு சரியாக முப்பத்தேழாம் பாட்டில் உடைந்திருந்தது. தையல் அறுந்து, கட்டு இரண்டாகப் பிரிந்து நின்றது. கயிறு சாத்தினாலும் சரி, கடப்பாரை சாத்தினாலும் சரி, அது அங்கேதான் திறக்கும். பறவைக்கூடு, தீக்கோழி, தேர்தல் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வந்த மர்மம் அவளுக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

“அங்கிள், கடல்ல விடலாமான்னு புத்தகத்தக் கேட்டீங்களா?”

விசுவலிங்கம் திகைத்தார். “கேக்கேல்லை.”

“படம் எடுக்கிறதுக்கே கேக்குறீங்க. கடல்ல விடுறதுக்குக் கேக்க வேணாமா?”

“கேக்கத்தான் வேணும்,” என்றார் டீச்சர் சட்டென்று. அவர் குரலில் இருந்த அவசரத்தை அன்று புஷ்பவள்ளி கவனிக்கவில்லை. “தம்பி, ஆடி அமாவாசை அன்று காலமை கேப்பம். இந்தப் பிள்ளையும் வரட்டும்.”

இதோடு அவள் எழுந்து வந்திருந்தால் இந்தக் கதை இங்கேயே சுபம். கடலில் விடலாமா என்று கேட்டாலும் அந்தப் புத்தகம் ‘பொறு’ என்றுதான் சொல்லியிருக்கும். அதை வைத்துக்கொண்டு அவள் இன்னொரு வருஷம் வாதாடியிருப்பாள். ஆனால் புத்தகம் வைத்த தாம்பாளத்தில் தாள் உதிர்ந்து கிடந்தது. கசிவு! அவள் கை நீண்டுவிட்டது.

“அதுவரைக்கும் கொஞ்சம் முதலுதவி செஞ்சு வைக்கட்டுமா டீச்சர்? கடலுக்குப் போனாலும் முழுசாப் போகட்டும்.”

காரிலிருந்து பெட்டி வந்தது. மென்மையான பிரஷ்ஷால் பூச்சித் தூளைத் தட்டினாள். டீச்சர் வீட்டு அடுப்பிலேயே மைதாப் பசை காய்ச்சினாள். சல்லடைத் துணியைவிட மெல்லிய ஒரு தாளைக் கிழித்து, கிழிசல்களில் ஒட்டினாள்.

“இது என்ன தாள்?” என்று கேட்டார் விசுவலிங்கம்.

“ஜப்பான் தாள் அங்கிள்.”

“சண்டைக் காலத்திலை அவன் எரிச்சது போதாதெண்டு இப்ப ஒட்டவும் வாறானோ?”

கிழிசலை ஒட்டியதும் மூலைகளை ஒட்டினாள். மூலைகளை முடித்ததும் முதுகைத் திருப்பினாள். அறுந்த தையலை எடுத்துப் புது நூலால் கோத்தாள். பசை தடவினாள். முப்பத்தேழாம் பாட்டில் இருந்த பிளவைக் குழந்தைக்குத் தலை வாருவதுபோல் பார்த்துப் பார்த்துச் சேர்த்து மூடினாள். மேலே டீச்சர் வீட்டு அம்மிக்குழவியைத் தூக்கி வைத்துவிட்டு, “நாளைக்கு எடுத்துருங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். மனம் நிறைந்திருந்தது. நல்ல வேலை செய்த நாளில் அவள் காரில் சத்தமாகப் பாடிக்கொண்டு போவாள். எதிரில் வரும் லாரிகள் ஒதுங்கி வழிவிடும்.

வழியில் ஆயர் ஈத்தாமில் கெரிப்பிக் என்கிற மரவள்ளி வறுவல் வாங்க நிறுத்தினாள். ஒரு பாக்கெட்டைப் பிரித்து ஒன்றை வாயில் போட்டவள் அப்படியே நின்றுவிட்டாள்.

எனக்குத்தான் போன் வந்தது. நான் பெற்றவள் இல்லை, வயதுக்கு மரியாதையாக அம்மா என்பாள்.

“அலமாக்! அம்மா, நான் அந்த முதுக ஒட்டிட்டேன்!”

“நல்லதுதானே? அதற்குத்தானே போனாய்?”

“இப்ப அது எங்க வேணா தெறக்கும்மா! பொறுன்னு சொல்ற வாய நானே தச்சுட்டு வந்துட்டேன்!”

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுப் பூனை மதிலிலிருந்து விழுந்தது. அவள் சிரிக்கவில்லை.

“திரும்பப் போய், பார்க்கிறேன் என்ற சாக்கில் கொஞ்சம் வளைத்துவிட்டு வாயேன்,” என்றேன். என் புத்தி அப்படி.

“ஒட்டினத ஒடைக்கிற கை எனக்கில்லம்மா,” என்றாள். “பரவால்ல. நூத்தியெட்டுப் பாட்டு இருக்கு. எல்லாமேவா கடலுக்குப் போகச் சொல்லும்? பாத்துக்கலாம்.”

அதுதான் புஷ்பவள்ளி. நிலவரம் எவ்வளவு மோசமோ, பேச்சு அவ்வளவு தெம்பாக வரும்.

ஆடி அமாவாசை அன்று விடிந்ததுமே அவள் பத்து பாகாட் போய்விட்டாள். காளிதாஸ் செய்த தொட்டிலும் கேமராக்களும் காரில் இருந்தன. அழைக்காத கல்யாணத்துக்கும் பட்டுப்புடவையோடு போகிற ஜாதி அவள். விசுவலிங்கம் ஏற்கெனவே குளித்து, சிவப்புப் பட்டுத் துண்டை மடித்துத் தயாராக வைத்திருந்தார். பத்து மணிக்குமேல் கடல் வற்ற ஆரம்பித்துவிடும், அதற்குள் மின்யாக் பெக்கு போக வேண்டும் என்றார்.

டீச்சர் மட்டும் நல்ல தைரியமாக இருந்தார். “கேப்பம் தம்பி, கேப்பம். அவர் என்ன சொல்லுறாரோ அதுதான்” என்று சொல்லிக்கொண்டே புத்தகத்தை எடுத்து வைத்தார். கையில் எடுத்தபோது அவர் முகம் ஒரு நொடி மாறியது. புத்தகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு புஷ்பவள்ளியைப் பார்த்தார்.

அந்தப் பார்வையில்தான் அவளுக்குப் புரிந்தது. இந்த அம்மாவும் முப்பத்தேழாம் பாட்டைத்தான் நம்பியிருந்திருக்கிறார்.

விசுவலிங்கம் கண்ணை மூடினார். “வேலவா, உன்னைக் கடலிலை விடலாமோ?” கயிறு உள்ளே போனது. புத்தகம் முனகாமல், முரண்டு பிடிக்காமல், புதுப் பெண்ணைப் போல அழகாகத் திறந்தது. எண்பத்திரண்டாம் பாட்டு.

*கட்டவிழ்த்து விட்டுவிடு கரையென்ன காவல்*
*எட்டுத் திசைநீரும் என்வேலன் காவல்.*

விசுவலிங்கத்தின் கண் கலங்கிவிட்டது. தன் வாழ்நாளில் முதல் தடவையாக அவருக்குப் ‘பொறு’ என்பதைத் தவிர வேறு பதில் கிடைத்திருக்கிறது. பட்டுத் துண்டை விரித்தார்.

“அங்கிள், ஒரு நிமிஷம் லா,” என்றாள் புஷ்பவள்ளி.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். முதுகு உடைந்திருந்ததை, அது அங்கேயேதான் திறக்கும் என்று தெரிந்ததை, அந்தத் தைரியத்தில்தான் கடல் கேள்வியைக் கேட்கச் சொன்னதை, பிறகு தன் கையாலேயே அதை ஒட்டித் தொலைத்ததை. ஒன்றையும் மறைக்கவில்லை, குரலையும் குறைக்கவில்லை. தெருவில் ரொட்டி விற்றுக்கொண்டு போனவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்டிருப்பார்.

விசுவலிங்கம் அக்காவைப் பார்த்தார். “அக்கா, உனக்குத் தெரியுமோ?”

“நீ பறவைக்கூடு கேக்கிறதுக்கு முதலே முதுகு உடைஞ்சு போச்சு தம்பி.”

“அப்ப அவ்வளவு காலமும் வேலவர் பேசேல்லை? பைண்டிங்தான் பேசினது?”

“பைண்டிங் நல்லாத்தானே பேசினது? அந்தத் தீக்கோழி உன்னை மேய்ச்சிருக்கும்.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். குனிந்து விரல்விட்டு ஏதோ கணக்குப் பார்த்தார். பாலம் கட்டியவர் அல்லவா, மனதுக்குள் தூண் தூணாக நட்டுக்கொண்டிருந்தார் போல. நிமிர்ந்தபோது முகம் தெளிந்திருந்தது.

“சரி. முதுகு உடைஞ்சிருந்த காலத்திலை சொன்னது கணக்கிலை இல்லை. இப்ப முதுகு நேராச்சு. நேரானதுக்குப் பிறகு சொன்ன முதல் வார்த்தை ‘விட்டுவிடு.’ அதுதான் உண்மையான பதில். விடுறன்.”

உண்மையைச் சொல்லி அவளே தன் கழுத்துக்குக் கயிறு மாட்டிக்கொண்டாள். வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள். புஷ்பவள்ளி ஒரு அடி முன்னால் வந்தாள்.

“நீங்க சொல்றது சரி அங்கிள். நான் ஒத்துக்கறேன். கடல்ல விடுங்க. நான் தடுக்கல.”

டீச்சர் திடுக்கிட்டார்.

“ஆனா படம் எடுக்கலாமான்னு கேட்டீங்களே, அது முதுகு ஒடஞ்சிருந்தப்ப கேட்டது. அந்தப் பதிலும் இப்ப கணக்குல இல்ல. மறுபடி கேளுங்க. என்ன வந்தாலும் நான் வாயத் தெறக்காமப் போயிர்றேன்.”

“நீர் வாயைத் திறக்காமலோ?” என்றார் விசுவலிங்கம்.

“சத்தியமா.”

இப்போது என்ன வரும் என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது. வேலவருக்குத் தெரிந்திருக்கலாம். விசுவலிங்கம் பாலம் மாதிரியே நேர்மையான மனுஷர். கேள்வி நியாயம் என்றதும் மறுக்கவில்லை. மறுபடி கண்ணை மூடினார். மறுபடி கயிறு.

ஐம்பத்தொன்றாம் பாட்டு.

*பச்சைமயில் தோகையிலே பலநூறு கண்கள்*
*இச்சையுடன் ஆடிவரும் இருசிறிய கால்கள்.*

மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். மயில். தோகை. கால். அவ்வளவுதான்.

“மயிலைப் பற்றிச் சொல்லுறார்,” என்றார் விசுவலிங்கம் கொஞ்சம் ஏமாற்றத்தோடு. “ஓமெண்டும் இல்லை, இல்லையெண்டும் இல்லை.”

புஷ்பவள்ளி அதைப் பிடித்துக்கொண்டாள். பலநூறு கண்கள்! பலநூறு பேர் கண்ணால் படிக்கப் போகிறார்கள் என்று அர்த்தம் சொல்லிவிட்டால் முடிந்தது. வாயைத் திறந்தாள். டீச்சர் கையை உயர்த்தினார்.

“வேண்டாம் பிள்ளை. சத்தியம் பண்ணினீர். மயில் மயிலாவே இருக்கட்டும்.”

அவள் வாயை மூடினாள். இது நடந்தது என்று காளிதாஸிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை.

“தம்பி,” என்றார் டீச்சர், “அவர் ஒண்டும் சொல்லேல்லை எண்டால், எங்களையே யோசிக்கச் சொல்லுறார். எனக்கு இந்தப் புத்தகத்தை இந்தப் பிள்ளை படம் எடுக்கோணும். நான் இவ்வளவு காலமும் முப்பத்தேழாம் பாட்டுக்குப் பின்னாலை ஒளிச்சிருந்தன். இப்ப நானே சொல்லுறன். உனக்கு என்ன வேணும்? உனக்கு. புத்தகத்துக்கு இல்லை.”

விசுவலிங்கம் இதற்கு முன் யாரும் தன்னிடம் கேட்காத கேள்வியைக் கேட்டதுபோல் விழித்தார். கயிற்றைக் கையில் சுற்றினார், அவிழ்த்தார்.

“எனக்கு இது கடலுக்குப் போகோணும். அப்பாவும் பழையதைக் கடலிலைதான் விடுவார்.” புஷ்பவள்ளியின் பக்கம் திரும்பினார். “படம் எடுத்திட்டுப் போனால் என்ன? ஓம். எடுக்கட்டும். ஆனால் அந்தக் கண்ணாடி இதிலை படக்கூடாது. சாமிக்கு மேலை கண்ணாடியை வைச்சு அமத்த நான் விடன்.”

“அப்ப தாள் சுருண்டுக்கும் அங்கிள். யாராவது புடிச்சுக்கணும்.”

“நான் பிடிக்கிறன்.”

சாமி அறையிலேயே தொட்டில் ஏறியது. டீச்சர் மின்விசிறியை நிறுத்தினார். விசுவலிங்கம் கையில் திருநீறு பூசிக்கொண்டு ஒவ்வொரு பக்கத்தையும் விரலால் அமர்த்திப் பிடித்தார். புஷ்பவள்ளி எடுத்தாள்.

“அங்கிள், கைய இன்னும் கொஞ்சம் ஓரமா.”

“ஓரத்திலைதானே இருக்கு.”

“எழுத்து மேல இருக்கு.”

“எழுத்தும் அவர்தான், கையும் அவர்தான். எடும்.”

டீச்சர் அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தார். “கடல்வெள்ளம் வடியப்போகுது, கெதியா.” “ஆச்சு டீச்சர்.” “ஆச்சு ஆச்சு எண்டுதான் என்ரை பள்ளிக்கூடத்துப் பிள்ளையளும் சொல்லுவினம்.” நடுவில் யாரும் தேநீர்கூடக் குடிக்கவில்லை. நூற்றெட்டாம் பாட்டும் முடிந்தது. கடைசி அட்டையையும் எடுத்ததும் புஷ்பவள்ளி கேமராவிலேயே முதலிலிருந்து ஒரு தடவை ஓடவிட்டுப் பார்த்தாள். எல்லாப் பக்கமும் இருந்தது. பட்டுத் துண்டில் சுற்றிக் கொடுத்ததும் அவளே.

மின்யாக் பெக்குவில் தண்ணீர் இன்னும் நிறைந்துதான் இருந்தது. தர்ப்பணம் கொடுக்க வந்தவர்கள் கூட்டம், பக்கத்தில் தூண்டில் போடுகிற சீனர்கள். விசுவலிங்கம் முழங்கால் அளவுக்கு இறங்கிப் புத்தகத்தை விட்டார். அது உடனே மூழ்கவில்லை; நேரான முதுகோடு கொஞ்ச தூரம் படகு மாதிரி மிதந்து போனதாம். புஷ்பவள்ளி கரையில் நின்று, ஒட்டுகிறவள் கண்ணோடு அதைக் கடைசிவரை பார்த்தாள். ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டு வரக் கால் பரபரத்தது என்றாள். போகவில்லை. அந்த இடத்தில் இப்போதெல்லாம் கெழுத்தி மீன்கள் காலையில் தலையைத் தூக்கித் தாளத்தோடு வாயை அசைக்கின்றன என்று ஒரு மீனவர் சொன்னார். சொன்னவர் பெயர் மறந்துவிட்டது.

படங்கள் எனக்கு வந்தன. திறந்து பார்த்தவள் அதிர்ந்துபோனேன். ஒவ்வொரு பக்கத்திலும் விசுவலிங்கத்தின் கட்டைவிரல். திருநீறு பூசிய, நகம் அகன்ற, பாலம் கட்டிய விரல். ஓரத்தில், மூலையில், சில இடத்தில் சித்திரம் போல. நூலகத்து விதிப்படி விரல் தெரிந்தால் வெட்டிவிட வேண்டும்.

“வெட்டாதீங்கம்மா,” என்றாள் புஷ்பவள்ளி. “அந்த வெரல் இல்லன்னா அந்தப் பக்கம் இல்ல.”

நான் வெட்டவில்லை. விதியை எழுதியவர்கள் கேட்டால் கண் தெரியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் தொண்ணூற்று நாலாம் பாட்டில் மாட்டிக்கொண்டோம். விரல் சரியாக ஒரு சொல்லின்மேல் உட்கார்ந்திருந்தது. ‘வேலவர் மார்பில்’ என்று தொடங்கி, நடுவில் விரல், பிறகு ‘மாலை’ என்று முடிகிறது. என்ன பூ மாலை? புத்தகம் கடலில் இருக்கிறது. மூவார்ப் பிரதி முப்பதோடு நிற்கிறது.

புஷ்பவள்ளி பத்து பாகாட்டுக்குப் போன் போட்டு என்னையும் இணைத்துவிட்டாள்.

“செங்காந்தள் மாலை,” என்றார் டீச்சர் உடனே.

“இல்லை, கடம்பு. கடம்ப மாலை,” என்றது பின்னால் இருந்து விசுவலிங்கத்தின் குரல்.

“நீ எப்ப தம்பி தொண்ணூற்று நாலு படிச்சனீ? முப்பத்தேழைத் தாண்டினதே இல்லை!”

“என்ரை விரல்தானே அதுக்கு மேலை இருந்தது? எனக்குத் தெரியாதோ?”

போனை வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. பூவிலிருந்து தொடங்கி, அப்பா எதை எப்படிப் பாடினார் என்பதற்குப் போய், பறவைக்கூட்டுக்குத் திரும்பி, கோயில் தேர்தலில் தம்பி நின்றிருந்தால் ஜெயித்திருப்பாரா மாட்டாரா என்பதுவரை சண்டை போனது. இரண்டு பேரும் எவ்வளவு உற்சாகமாக இருந்தார்கள் என்பதைக் கேட்டிருக்க வேண்டும்.

கடைசியில் பாட்டுக்கு அடியில் இரண்டையும் போட்டோம்: ‘செங்காந்தள் என்பார் ஒருவர், கடம்பு என்பார் ஒருவர்.’ நூல் ஏறிவிட்டது. சிலாங்கூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் எங்கோ கனடாவிலிருந்தும் ஆட்கள் படிக்கிறார்கள். விரலைப் பற்றி ஒருவரும் இதுவரை புகார் செய்யவில்லை. ஒருவர் மட்டும், இந்த அடியவரின் விரலைக் காட்டியதற்கு நன்றி என்று எழுதியிருந்தார். நூலாசிரியரின் விரல் என்று நினைத்துக்கொண்டார் போல. விசுவலிங்கம் அதைத் திருத்த வேண்டாம் என்றாராம்.

புஷ்பவள்ளிக்கு மட்டும் ஒரு சொல் கசிந்துகொண்டிருக்கிறது. கசிந்தால் அவளால் சும்மா இருக்க முடியாது. வேறொரு பிரதி கட்டாயம் இருக்கும் என்கிறாள். அச்சகத்தார் ஒரே ஒரு புத்தகத்தையா அடித்திருப்பார்கள்? லாபிஸ் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயிலில் தகரப் பெட்டி ஒன்று திறக்காமல் கிடப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறாள். இந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஓய்வு. போகலாமா என்று அவள் யாரையும் கேட்கவில்லை. காருக்குப் பெட்ரோல் போட்டுவிட்டாள்.